ரோமானியச் செப்புக்காசு: களிம்பைச் சுரண்டும் முன்

நேயர்களுக்கு வணக்கம். ரோமானிய நாணயம் என்றதும் அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய பேரரசர்கள் காலத்துத் தங்கமும் வெள்ளியும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அவற்றின் விலை எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. புதிதாகச் சேர்க்க வருகிறவர்களுக்கு ஏற்றவை கி.பி. நான்காம் நூற்றாண்டின் சின்னச் செப்புக்காசுகள். பேரரசர் கான்ஸ்டன்டைனும் அவர் பிள்ளைகளும் கணக்கில்லாமல் அடித்துத் தள்ளியதால் இன்றும் மலிவு. கரூர் அமராவதி ஆற்று மணலிலும் மதுரையிலும் இலங்கையிலும் கிடைத்த ரோமானியச் செப்புக்காசுகளில் பெரும்பாலானவை இந்தப் பிற்காலத்தைச் சேர்ந்தவைதான். இலங்கையில் இவற்றைப் பார்த்து அந்தக் காலத்தில் உள்ளூரிலேயே அடித்த நகல்களும் உண்டு. அவை அளவில் சிறியவை, எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுகள் இருக்கும்.

காசை விளிம்பில் பிடியுங்கள். முதலில் விட்டம், பிறகு நகைத் தராசில் எடை. செப்புக்காசுகளை விட்டத்தை வைத்து 'ஏஇ' (AE) என்ற நான்கு வகுப்பாகப் பிரிப்பார்கள்: 25 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் ஏஇ 1, 21 முதல் 25 வரை ஏஇ 2, 17 முதல் 21 வரை ஏஇ 3, அதற்கும் கீழே ஏஇ 4. அடுத்து, பத்து மடங்கு லென்ஸில் பின்புறத்தைப் பாருங்கள். அரசர் முகம் எல்லாக் காசிலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். காலம் சொல்வது பின்புறம்தான்.

அடிக்கடி கைக்கு வரும் ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு படைவீரர்கள் ஈட்டியோடு நிற்பார்கள், நடுவில் படைக்கொடி. அந்தக் கொடியை எண்ணுங்கள். இரண்டு இருந்தால் காசு ஏறத்தாழ 330 முதல் 335 வரை அடித்தது, எடை இரண்டரை கிராம் அளவில் நிற்கும். ஒன்றுதான் என்றால் 335க்குப் பிறகு, 341 வரை. எடையும் ஒன்றரை கிராமுக்கு இறங்கியிருக்கும். வீரர்களின் காலுக்குக் கீழே ஒரு கோடு, அதற்கும் கீழே சில எழுத்துகள். காசு எந்த ஊர் நாணயச்சாலையில் அடித்தது என்பதை அவை சொல்லும்: எஸ்.எம்.கே. (SMK) என்றால் இன்றைய துருக்கியில் உள்ள சிசிகஸ், எஸ்.எம்.ஏ.என். (SMAN) என்றால் அந்தியோக்கியா, டி.ஆர். (TR) என்றால் ஜெர்மனியின் டிரையர் நகரம். கிழக்கு நாணயச்சாலைகளில் கடைசியாக வரும் ஆல்ஃபா, பீட்டா, காமா என்ற கிரேக்க எழுத்துகள், அந்தச் சாலைக்குள் எந்தப் பட்டறை என்று சொல்லும் எண்கள். பெயரெழுத்து தேய்ந்துபோன காசைக்கூட இந்த நான்கைந்து எழுத்து காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் அடிப்பகுதி வெட்டுப்பட்ட காசை நான் வாங்கச் சொல்வதில்லை, முகம் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

இனி, நல்ல காசுகள் பாழாகிற கட்டம்: சுத்தம் செய்வது. செப்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்த பழக்கத்தில் காசையும் தேய்த்துவிடுகிறார்கள். புளி, எலுமிச்சை, வினிகர், பீதாம்பரித் தூள் எதுவுமே ஆகாது. பல நூற்றாண்டு மண்ணில் கிடந்த காசில் எழுத்தின் விளிம்பும் முடியின் வரியும் பெரும்பாலும் களிம்புப் படலத்தில்தான் நிற்கின்றன. உள்ளே இருக்கும் உலோகம் அரிபட்டுக் குழிவிழுந்து கிடக்கும். அமிலம் அந்தப் படலத்தைத் தின்றுவிட்டால் மிஞ்சுவது செந்நிறமாகப் பல்லிளிக்கும் ஒரு தகடு. கரைசலில் போட்டு மின்சாரம் பாய்ச்சும் மின்பகுப்பும் இதே வேலையைத்தான் இன்னும் வேகமாகச் செய்யும்.

செய்ய வேண்டியது எளிது, பொறுமைதான் வேண்டும். டிஸ்டில்டு வாட்டரில் ஊறவையுங்கள், தினம் தண்ணீரை மாற்றுங்கள். வாரத்துக்கு ஒருமுறை எடுத்து மெல்லிய பல்துலக்கியால் வருடி, பல்குத்தும் குச்சியால் மண்ணை நெம்புங்கள். உலோக ஊசி வேண்டாம். முகமும் எழுத்தும் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் தேய்ப்பது ஆசைக்குத்தான்.

வெளிர் பச்சையில் மாவு போலப் பொடி உதிர்கிறதா? அது சாதாரணக் களிம்பு அல்ல, வெண்கல நோய். உள்ளே தங்கிய குளோரைடு, காற்றின் ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் மேலும் செம்பைத் தின்னும். குச்சியால் தொட்டால் கெட்டியாக நிற்பது நல்ல களிம்பு, பொடியாக வருவது நோய். சென்னை போன்ற கடலோர ஊர்களில் இதற்குக் கொண்டாட்டம்தான். அந்தக் காசைத் தனியே பிரித்து, பொடியைச் சுரண்டி எடுங்கள். ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் நீரற்ற சோடியம் கார்பனேட் 28 கிராம், சமையல் சோடா 22 கிராம் கரைத்து அதில் ஊறப்போட்டு, வாரம் ஒருமுறை கரைசலை மாற்றுங்கள். மாதக்கணக்கில் ஆகலாம், களிம்பின் நிறமும் சற்று மாறலாம். பிறகு பலமுறை டிஸ்டில்டு வாட்டரில் அலசி, அசிட்டோனில் முக்கி, நன்றாகக் காயவிட்டு ஈரம் படாமல் காக்கும் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு பூசுங்கள். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும்; ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்புப் பக்கமே போகாமல் செய்யுங்கள்.

வாங்கும்போது 'சுத்தம் செய்யாத காசு' என்று மொத்தமாக விற்பதில் நல்லவற்றை முன்பே பொறுக்கியிருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பைச் சுற்றி ஒரே கோடாக ஒட்டுத் தெரிந்தாலோ, பரப்பில் குமிழித் துளைகள் இருந்தாலோ அது வார்த்த போலி. சில போலிகளில் மணலைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள்; அசிட்டோனில் போட்டால் பெரும்பாலும் கழன்றுவிடும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருள்தான். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, விற்பனைத் தொழில் செய்ய உரிமம் வேண்டும். மண்ணில் தற்செயலாகக் கிடைத்தாலும், மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

வைத்துக்கொள்ள பிவிசி உறை வேண்டாம். நாளடைவில் பச்சைப் பிசுக்குப் படியும். மைலார் என்ற பாலியெஸ்டர் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மூடி இறுகிய டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஜெல்லை மழைக்காலத்தில் மாதம் ஒருமுறையாவது சூடாக்கி உலர்த்த வேண்டும். உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டு: விட்டம், எடை, நாணயச்சாலை, வாங்கிய இடம், தேதி.