641 அடங்கிய எண்

நண்பர்களே, வணக்கம். இன்று ஒரே ஓர் எண்ணைப் பற்றித்தான் பேசப்போகிறேன். 4294967297. அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297.

3, 5, 17, 257, 65537 என்ற வரிசையைப் பாருங்கள். ஓர் எண்ணில் ஒன்றைக் கழித்து, வர்க்கப்படுத்தி, மறுபடி ஒன்றைக் கூட்டினால் அடுத்த எண் கிடைக்கும். ஐந்துமே பகா எண்கள். ஆறாவதாக வருவது நம் எண். இரண்டின் 32ஆம் அடுக்கோடு ஒன்று. இதுவும், இதற்குப் பின் வருபவை எல்லாமும் பகா எண்கள்தான் என்று 1640-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். நிரூபணம் அவரிடம் இல்லை.

1729-இல் கோல்ட்பாக் என்ற கணித அறிஞர் ஒரு கடிதத்தில் இதைக் கணித மேதை ஆய்லரிடம் கேட்டார். 1732-இல் ஆய்லர் பதிலை அறிவித்தார்: 641 × 6700417. பகு எண்!

641 என்பது 116ஆவது பகா எண். சிறிய பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போயிருந்தாலும் சில நாளில் அகப்பட்டிருக்கும். ஆனால் அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. நம் எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால், அதை 64-ஆல் வகுக்க மீதி 1 வந்தாக வேண்டும். பின்னாளில் ஆய்லரே நிறுவிய விதி இது. அப்படிப் பார்த்தால் சோதிக்க வேண்டியவை 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தே வகுத்தல்! இந்த விதிக்கு அடிப்படையான தேற்றம் ஃபெர்மாவுடையதே. அதையும் அவர் அதே 1640-இல்தான் எழுதினார். எனக்கு இன்றும் மனத்தை உறுத்துகிற விஷயம் இது.

சரி, வகுக்காமலே காட்ட முடியுமா? முடியும். 641 என்பது 5 × 128 + 1. ஆகவே 5 × 128-ஐ 641-ஆல் வகுத்தால் மீதியை −1 என்று கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 625 × இரண்டின் 28ஆம் அடுக்கு, மீதி 1. ஆனால் 641 என்பது 625 + 16-உம் கூட. எனவே 625-க்குப் பதில் −16 போடலாம். 16 என்பது இரண்டின் 4ஆம் அடுக்கு. 28-உம் 4-உம் 32. இரண்டின் 32ஆம் அடுக்குக்கு மீதி −1. ஒன்றைக் கூட்டினால் பூஜ்யம். இதைவிட அழகான ஐந்து வரி எண்கணிதத்தில் எனக்குத் தெரியாது.

ஃபெர்மாவின் ஊகம் போனது. வரிசையின் மதிப்பு போகவில்லை. முதல் ஐந்தையும் பெருக்குங்கள்: 4294967295. நம் எண்ணுக்கு இரண்டு குறைவு. அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு எந்த ஒழுங்குப் பலகோணங்களை வரையலாம் என்பதை 1796-இல் பதினேழு பக்க உருவத்தில் தொடங்கி ஆராய்ந்தவர் ஜெர்மன் கணித மேதை காஸ். பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் (நம் வரிசையில் வரும் பகா எண்களின்) பெருக்கலாகவோ அவற்றில் ஒன்றாகவோ இருக்க வேண்டும். ஆகவே ஒற்றைப்படைப் பக்கங்கள் உடையவற்றில் நமக்குத் தெரிந்தவற்றுள் மிகப் பெரியது 4294967295 பக்கங்கள் கொண்டது. அதைத் தாண்ட இன்னொரு ஃபெர்மா பகா எண் வேண்டும். 65537-க்கு அப்பால் இதுவரை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இல்லவே இல்லை என்று யாரும் நிறுவவும் இல்லை.