ஓர்க்கா என்ன சாப்பிட்டது? கழிவில் இருக்கும் டிஎன்ஏ சொல்லும்

[காட்சி: காசிமேடு மீன்பிடித் துறைமுகம், விடியற்காலை ஏலம்]

வணக்கம். வஞ்சிரம் எது, சங்கரா எது என்று காசிமேட்டில் சின்னப் பையன்கூடச் சொல்லிவிடுவான். தலையை எடுத்து, தோலை உரித்து, துண்டு போட்ட பிறகு கேட்டால் பழகிய ஆளே யோசிப்பார். ஓர்க்கா, அதாவது கொலைத் திமிங்கிலம், தின்ற மீன் அதைவிட மோசம், செரித்தே போயிருக்கும்.

[காட்சி: சாலிஷ் கடலின் வரைபடம்]

அமெரிக்க, கனடா எல்லையில் இருக்கிறது இந்தக் கடல். கோடையில் இங்கே வரும் ‘தெற்கு ரெசிடென்ட்’ ஓர்க்காக்கள் மொத்தமே 75 பக்கம்தான். மீன்தான் இவற்றின் உணவு. பக்கத்திலேயே சீல் வேட்டையாடும் இன்னொரு ஓர்க்கா இனம் சுற்றினாலும், இவை சீலைச் சீண்டுவதில்லை.

இவை என்ன தின்கின்றன என்று அறிய முன்பு ஆய்வாளர்கள், இரையைக் கிழித்த இடத்தில் மிதக்கும் செதில்களை வலைக்கம்பால் அள்ளிப் பார்த்தார்கள். பெரும்பாலும் சினூக் என்ற பெரிய வகை சால்மன் மீன். ஆனால் பெரிய மீனைத்தான் மேலே கொண்டுவந்து பங்கு போடும். சின்ன மீனை ஆழத்திலேயே விழுங்கியிருந்தால்?

அதனால் கழிவுக்கு வந்தார்கள். அதைத் தேட, படகின் முனையில் ஒரு மோப்ப நாய்! வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழுவில் இருந்த டக்கர் என்ற லாப்ரடார் கலப்பு நாய்க்குத் தண்ணீர் என்றாலே பயமாம். மூக்குக்கு அது ஒரு தடையா என்ன.

[காட்சி: ஆய்வகம்]

ஒவ்வொரு செல்லிலும், அதற்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ ஏகப்பட்ட பிரதிகளாக இருக்கும். செரிமானத்தில் சிதைந்தாலும் சில துணுக்குகள் தப்பிவிடும். அதில் 16எஸ் என்ற மரபணுவின் சிறு பகுதியை, பிசிஆர் என்ற டிஎன்ஏ நகலெடுக்கும் முறையில் பெருக்கி, எழுத்து எழுத்தாகப் படித்து, தெரிந்த மீன்களோடு ஒப்பிடுவார்கள். ஓர்க்காவின் சொந்த டிஎன்ஏவும் அதில் கலந்திருக்கும். அதைக் கழித்துவிட வேண்டும்.

2006 முதல் 2011 வரை சேகரித்த 175 மாதிரிகளை இப்படிப் படித்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. படித்த மீன் டிஎன்ஏவில் 98 சதவீதத்துக்கு மேல் சால்மன் குடும்பம். சினூக் முதலிடம்தான், ஆனால் கோடை முடிவில் கோஹோ சால்மன் 40 சதவீதத்தைத் தாண்டியது. செதிலை மட்டும் நம்பியிருந்தால் கோஹோவுக்கு இவ்வளவு பங்கு இருப்பது தெரிந்திருக்காது.

சரி, இதை அப்படியே எடைக்கணக்காக எடுக்கலாமா? கூடாது. ஒரு மீன் சீக்கிரம் செரிக்கும், இன்னொன்று தாமதமாகும். சால்மன் வயிற்றில் இருந்த குட்டிமீனின் டிஎன்ஏகூட வந்து சேரலாம். ஆனாலும் இந்த ஓர்க்காக்களைக் காக்க சினூக் வரத்தைப் பெருக்கினால் போதும் என்று பேசுபவர்கள், ஆகஸ்ட், செப்டம்பரில் கோஹோ எவ்வளவு பிடிக்கப்படுகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.