மகுடம் கழன்ற பிறகு மிஞ்சுவது

நடுவர் அவர்களே, எதிரணி அம்மா பேசி உட்கார்ந்து ஒரு நிமிடம் ஆகிவிட்டது, இன்னும் கைதட்டல் அடங்கவில்லை. "அழகிப் பட்டம் வென்ற பெண்ணை உலகம் நினைவில் வைத்திருப்பது கலையாலா, தொண்டாலா?" என்பது தலைப்பு. தொண்டு என்று சொல்லிவிட்டால் கை தானாகத் தட்டும். கலை என்றால் மேக்கப், மேடை, மினுக்கு என்று முகம் சுளிக்கும். பரவாயில்லை. இருபது வருடமாக நடனம் சொல்லிக்கொடுப்பவள் நான். எனக்குப் பழகிப்போன முகச்சுளிப்புதான் அது.

அம்மா முதலில் நிறுத்திய சாட்சி ரீட்டா ஃபரியா. 1966-ல் உலக அழகிப் பட்டம் வென்றவர், இந்தியாவிலிருந்து முதல் ஆள். ஒரு வருடம் முடிந்ததும் சினிமாவும் வேண்டாம், மாடலிங்கும் வேண்டாம் என்று மருத்துவப் படிப்புக்கே திரும்பிப் போய்விட்டார். "பார்த்தீர்களா, மேடையை உதறிவிட்டுத் தொண்டுக்குப் போனார்" என்றார் அம்மா. அந்த மருத்துவரை நானும் கும்பிடுகிறேன். ஆனால் அம்மா, அவர் எதற்குத் திரும்பிப் போனார்? தான் கற்ற வித்தைக்குத்தானே? எந்த நோயாளியின் காய்ச்சலும் மகுடத்தைப் பார்த்து இறங்கியதில்லை. படிப்பு இருந்தது, அதனால் பயன்பட்டார். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். பட்டம் வெறும் அகப்பை. கலைதான் சட்டி என்கிறேன்.

இரண்டாவதாக, போட்டிகளே தொண்டுப் பணியை ஏற்றுக்கொண்டுவிட்டன என்றார். உண்மை. உலக அழகிப் போட்டியில் 1972 முதல் அதற்கென்றே ஒரு திட்டம் நடக்கிறது. மிஸ் அமெரிக்காவில் 1989 முதல் ஒவ்வொரு போட்டியாளரும் ஒரு சமூகப் பிரச்சினையை எடுத்துக்கொண்டுதான் வர வேண்டும். ஆனால் அதே மிஸ் அமெரிக்காவில் கலைத்திறன் எப்போது கட்டாயமானது? 1938-ல். அரை நூற்றாண்டு முன்னதாகவே! இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்கு 35 விழுக்காடு மதிப்பெண்; ஊரெல்லாம் பேசிய நீச்சலுடைச் சுற்றுக்கு 15. அந்தச் சுற்றையும் 2018-ல் தூக்கிவிட்டார்கள். கலைச் சுற்று மட்டும் அசையவில்லை. (அந்தச் சுற்றில் ஆடுபவர்கள் எல்லாம் தேர்ந்தவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். நான் பார்த்த காணொளிகளில் பாதிக்கு, என்னிடம் சேர்ந்து ஆறு மாதமான பிள்ளைகளே தேவலை.)

இனி முக்கியமான ஆளுக்கு வருகிறேன். வனெஸ்ஸா வில்லியம்ஸ். 1983 செப்டம்பரில் மிஸ் அமெரிக்கா ஆனார். அந்த மகுடத்தைச் சூடிய முதல் கறுப்பினப் பெண். இசை நாடகம் படித்துக்கொண்டிருந்த கல்லூரி மாணவி. பத்து மாதம் ஊர் ஊராகப் போனார், மேடை மேடையாக ஏறினார். 1984 ஜூலையில், எப்போதோ எடுத்த அவருடைய நிர்வாணப் படங்களை அவர் அனுமதியில்லாமல் ஒரு பத்திரிகை வெளியிடப்போகிறது என்று செய்தி வந்தது. பட்டத்திலிருந்து விலக, போட்டி அமைப்பு கொடுத்தது 72 மணி நேரம் கெடு. விலகினார். பதவிக்காலம் முடிய இரண்டு மாதம்கூட இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம் நடுவர் அவர்களே. மகுடம் கையைவிட்டுப் போனது. பட்டத்தோடு வந்த பொதுநிகழ்ச்சி அழைப்புகளும் போயின. முந்தாநாள் வரை பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தொண்டுதான் நிலைக்கும் என்கிறாரே அம்மா, பட்டம் போனதும் அந்தத் தொண்டு எங்கே போனது? அந்தப் பெண்ணிடம் யாரும் பிடுங்க முடியாமல் இருந்தது தொண்டைக்குள் இருந்த குரல் ஒன்றுதான். 1988-ல் முதல் இசைத்தொகுப்பு. 1992-ல் அவர் பாடிய பாட்டு அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலில் முதலிடம். 1994-ல் நியூயார்க்கின் புகழ்பெற்ற பிராட்வே நாடக மேடையில், ஓர் இசை நாடகத்தில் முதன்மைப் பாத்திரம். 2015-ல் அதே மிஸ் அமெரிக்கா மேடைக்கு அவரைத் திரும்ப அழைத்தார்கள். எந்த நாற்காலியில் உட்காரத் தெரியுமா? தலைமை நடுவர் நாற்காலியில்! அன்று அவர் பாடியும் காட்டினார். அமைப்பின் தலைவர் எல்லோர் முன்னிலையிலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்புக்கு அவரை முப்பது வருடம் கொண்டுவந்து சேர்த்தது எது என்று தீர்ப்பு எழுதும்போது யோசியுங்கள் ஐயா.

அடுத்து ஹெதர் வைட்ஸ்டோன். ஒன்றரை வயதில் செவித்திறனை இழந்தவர். 1994 செப்டம்பரில் மிஸ் அமெரிக்கா. போட்டியில் அவர் ஆடியது பாலே என்ற மேற்கத்திய நடனம். இசை சரியாகக் கேட்காத பெண் இசைக்கு எப்படி ஆடினார்? அந்தப் பாட்டின் காலக் கணக்கை மனப்பாடம் செய்து, உள்ளுக்குள் எண்ணிக்கொண்டே ஆடினார். சொல்ல எளிது. ஒருநாள் வகுப்பில் நான் செய்து பார்த்தேன். காதில் பஞ்சை அடைத்து, மேலே துண்டைக் கட்டிக்கொண்டு, எனக்கு மனப்பாடமான உருப்படியை ஆட ஆரம்பித்தேன். முதல் நாலு ஆவர்த்தனம், அதாவது நாலு முழுத் தாளம், சரி. ஐந்தாவதில் ஒரு சுற்று வந்தது. சுற்றி நிற்கும்போது பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். பாட்டு என்னைத் தாண்டி அரை ஆவர்த்தனம் போயிருந்தது. இருபது வருட அனுபவம் அத்தோடு சரி.

ஹெதர் அதற்குப் பிறகு பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசினார். அந்தப் பேச்சுக்கு எதிர்ப்பும் வந்தது. அவர் வாய்ப்பேச்சை முன்னிறுத்துகிறார், சைகை மொழியை அல்ல என்று செவித்திறன் இல்லாதவர்களிலேயே ஒரு பகுதியினர் கேள்வி எழுப்பினார்கள். நியாயமான கேள்விதான். தொண்டு என்று வந்தால் யாருடைய வழி சரி என்ற வழக்கும் கூடவே வரும். அந்த ஆட்டத்தின் மேல் மட்டும் அந்த வழக்கு இல்லை. கேட்காத ஒரு பிள்ளை அதைப் பார்த்தால் போதும், யாரும் விளக்க வேண்டியதில்லை.

எதிரணித் தம்பி ஒருவர் 2025-ன் உலக அழகி, தாய்லாந்தின் ஓபல் சுசாத்தாவைச் சொன்னார். பதினாறு வயதில் மார்பகத்தில் கட்டி வந்து, குணமாகி, மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்கு உழைக்கிறார். பட்ட வலியிலிருந்து வந்த தொண்டு அது. அவரிடம் போய் ஆடிக்காட்டு என்று நான் கேட்கமாட்டேன். அந்தப் புள்ளியைத் தம்பியே எடுத்துக்கொள்ளட்டும்.

ஆனால் நியா ஃபிராங்க்ளினை எனக்குக் கொடுத்துவிடுங்கள். நீச்சலுடைச் சுற்று இல்லாமல் நடந்த முதல் மிஸ் அமெரிக்கா போட்டியில், 2018-ல் வென்றவர். ஆபரா என்ற மேற்கத்திய இசை நாடகப் பாடகி, இசையமைப்பில் முதுகலை. கல்லூரியில் படிக்கும்போது தந்தைக்கு நிணநீர்ப் புற்றுநோய். தன் ஸ்டெம்செல்லை, அதாவது குருத்தணுக்களை, தந்தைக்குத் தானமாகக் கொடுத்த மகள் அவர். அவ்வளவு பெரிய தொண்டைச் செய்தவர், பட்டம் வென்றதும் எதைத் தன் சமூகப் பணியாக எடுத்துக்கொண்டார்? பிள்ளைகளுக்குக் கலைக் கல்வி கிடைக்க வேண்டும் என்பதை. அம்மா, உங்கள் அணிக்கு வர எல்லாத் தகுதியும் உள்ளவர், நடந்து எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டார்!

மணி அடித்துவிட்டார்கள். அடுத்துப் பேச வரும் தம்பிக்கு ஒரே ஒரு கேள்வியை விட்டுவிட்டுப் போகிறேன். 1984 ஜூலையில், மகுடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய இருபத்தொரு வயதுப் பெண்ணிடம், மறுநாள் காலையில் மிச்சம் இருந்தது என்ன தம்பி? அதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள். வணக்கம்.