சேந்தமங்கலத்து யூதப் பள்ளி

வணக்கம் நேயர்களே. சேந்தமங்கலம் என்றதும் நாமக்கல் பக்கம் போய்விடாதீர்கள். நான் சொல்வது கேரளத்தில், பறவூரை அடுத்த சேந்தமங்கலம். கைத்தறிக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரு யூதப் பள்ளி இருக்கிறது. பள்ளி என்றால் வழிபடும் இடம். மலையாளத்தில் அப்படித்தான் சொல்வார்கள். இப்போது அதைச் சிறிய அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். முதல் தடவை விவரம் தெரியாமல் திங்கட்கிழமை போய், பூட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். அன்று விடுமுறையாம்.

வாசலிலேயே ஒரு கல் நிற்கிறது. இஸ்ரவேலின் மகள் சாரா என்ற பெண்ணின் கல்லறைக் கல். ஆண்டு 1269. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளில் இதுதான் மிகப் பழையது என்கிறார்கள். விரலால் தடவிப் பார்க்கலாமா என்றிருந்தது. ஓர் எழுத்தும் புரியவில்லை.

ஆனால் இந்த யூதர்களின் மிக முக்கியமான ஆவணம் நமக்குப் பாதி புரியும். சுமார் 1000-ஆம் ஆண்டில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யூதர் தலைவர் யோசேப்பு ரப்பானுக்குக் கொடுத்த செப்பேடு அது. வட்டெழுத்தில் இருக்கிறது. அஞ்சுவண்ணம் என்ற வணிகர் குழுவையும் 72 உரிமைகளையும் கொடுத்து, அவற்றில் சிலவற்றை வரிசையாகச் சொல்கிறது: பகல்விளக்கு, பாவாடை, குடை, வடுகப்பறை, காளம், தோரணம். பாவாடை என்றதும் சிரிக்க வேண்டாம். நடக்கும் வழியில் விரிக்கிற துணி, நடைபாவாடை. செப்பேடு இருப்பது கொச்சியின் மட்டாஞ்சேரியில்.

சரி, உள்ளே போவோம். கூடத்தின் நடுவே வேதச் சுருள் வாசிக்கும் மேடை. எந்த ஊர் யூதப் பள்ளியிலும் இருப்பதுதான். நிமிர்ந்து பார்த்தால் மாடியில் இன்னொரு மேடை! இது கேரளத்து வழக்கம். ஓய்வு நாளிலும் பண்டிகையிலும் அங்கே நின்று வாசிப்பார்கள். மாடியில் அதற்குப் பின்னால், மரத் தடுப்புக்கு அப்பால், பெண்கள் உட்காருமிடம். கீழே இருக்கும் ஆண்கள் அண்ணாந்து கேட்க வேண்டும். பெண்களுக்கோ வேதம் பக்கத்திலேயே. மரம் செதுக்கிய தச்சர் இதையெல்லாம் யோசித்தாரோ என்னவோ, எனக்கு அந்த இடத்தைவிட்டு நகர மனமில்லை.

அந்தப் பெண்களுக்கு வேறொரு சொத்தும் இருந்தது. பாட்டு. கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் மலையாளத்தில் பாட்டுகள் வைத்திருந்தார்கள். ஆண்கள் இருக்கும் சபையிலேயே பாடினார்கள். மற்ற நாடுகளின் பழமைவாத யூதர்களிடம் பெரும்பாலும் இதற்கு இடமில்லை. மறந்துவிடக் கூடாதே என்று நோட்டுப் புத்தகங்களில் கையால் எழுதிவைத்து, தாயிடமிருந்து மகள் படியெடுத்துக்கொண்டாள்.

கூட்டு வழிபாட்டுக்குக் குறைந்தது பத்து ஆண்கள் வேண்டும். 1950-களின் நடுவில் குடும்பம் குடும்பமாக இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். அப்புறம் பத்துப் பேருக்கு எங்கே போவது? அங்கே நெகேவ் வறட்டு நிலத்தில் நெவாத்திம் போன்ற ஊர்களில் விவசாயம் செய்து பிழைத்தார்கள். பள்ளி இங்கேயே நின்றுவிட்டது. பாட்டு நோட்டுகள் பெட்டிகளில் அவர்களோடு போயின.