எழுத்தை எண்ணி ஒளியை நடத்தும் டி.என்.ஏ.!

[திரையில்: பிச்சாவரத்துச் சுரபுன்னை இலைகள்]

வணக்கம். மரபுச் செய்தியைச் சுமக்கும் டி.என்.ஏ.வை, அந்தச் செய்தியோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், ஒளியைப் பிடித்து வேண்டிய இடத்துக்கு அனுப்பும் சட்டகமாகப் பயன்படுத்தலாம் என்றால் நம்புவீர்களா?

நம் கடலூர் மாவட்டத்துப் பிச்சாவரத்தில் நிற்கும் சுரபுன்னையின் இலைக்குள், சில நூறு பச்சையங்கள் பிடித்த ஆற்றல் ஒரே வினைமையத்தை, அதாவது ஒளியாற்றலை வேதி ஆற்றலாக மாற்றும் இடத்தை, சென்றடைகிறது. அவற்றை உரிய இடைவெளியில் நிறுத்தி வைப்பவை புரதங்கள். ஆய்வுக்கூடத்தில் அந்தப் பொறுப்பை டி.என்.ஏ. ஏற்கிறது, பச்சையத்தின் இடத்தில் சாய மூலக்கூறுகள் கோக்கப்படுகின்றன. நீண்ட இழையை மடித்து விரும்பிய வடிவம் செய்யும் டி.என்.ஏ. ஒரிகாமி முறையை ஆய்வாளர் பால் ராத்மண்ட் 2006-இல் வெளியிட்டார். வரலாறு இவ்வளவு போதும்.

[திரையில்: இரு சாயங்கள், நடுவில் அளவுகோல்]

ஒளியை விழுங்கிய சாயம், அதை மீண்டும் ஒளியாக உமிழாமலேயே பக்கத்துச் சாயத்துக்கு ஆற்றலைக் கொடுத்துவிடும். அறிவியலாளர் தியோடர் ஃபார்ஸ்டர் 1940-களில் விளக்கிய இந்தக் கடத்தலின் வேகம், தொலைவின் ஆறாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. என்னைக் கேட்டால், இந்தக் கதையின் நாயகனே அந்த ஆறுதான். ஒரு சாய இணையில் 5 நானோமீட்டர் தொலைவில் பாதி ஆற்றல் கடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொலைவைப் பாதியாக்கினால் 98 விழுக்காட்டுக்கு மேல் கடக்கும்; இரட்டிப்பாக்கினால் ஒன்றரை விழுக்காடுதான் மிஞ்சும்!

இவ்வளவு கறாரான கணக்குக்கு டி.என்.ஏ. ஏன் பொருந்துகிறது? மரபுச் செய்தியின் எழுத்துகளான வேதிக் காரங்கள் அதன் இரு இழைகளுக்கும் நடுவே இரண்டிரண்டாகச் சேர்ந்து, ஏணிப் படிகள்போல அடுக்கப்பட்டிருக்கின்றன. அடுத்தடுத்த எழுத்து இணைகளுக்கு இடையே 0.34 நானோமீட்டர், 15 இணைகளை எண்ணினால் 5.1 நானோமீட்டர். ஆனால் இழை ஏறத்தாழ பத்தரை இணைகளுக்கு ஒரு சுற்றுச் சுற்றுவதால், ஐந்து இணைகள் தள்ளி ஒட்டிய சாயம் மறுபக்கம் போய் நின்றுகொள்ளும். எண்ணிக்கையோடு திசையையும் பார்த்தாக வேண்டும்.

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் ஐஸ் கட்டியைக் கைமாற்றிப் படகில் ஏற்றுவதுபோல, இங்கும் தாமதம் என்றால் இழப்புத்தான்: சாயம் ஆற்றலைத் தாங்கி நிற்பது சில நானோநொடிகளே. சாயங்கள் ஒரே வகையானால் ஆற்றல் வந்த வழியே திரும்பவும் கூடும். அதனால் நீலத்தை விழுங்குவது, பச்சையை விழுங்குவது, சிவப்பை விழுங்குவது என்று வரிசையாக வைக்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் சிறிது ஆற்றல் வெப்பமாகப் போனாலும், திசை உறுதியாகிறது.

ஒளியைப் பிடிக்க வைத்த சாயமே நாளடைவில் ஒளிபட்டு வெளிறிவிடுவது வேடிக்கைதான். இதை வைத்து நாளையே வீட்டுக்கூரையில் மின்சாரம் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

உங்களுக்கு ஒரு கணக்கு: மேலே சொன்ன சாய இணைக்கு நடுவே 20 எழுத்து இணைகள் இடைவெளி இருந்தால் எத்தனை விழுக்காடு கடக்கும்? சுழற்சியை விட்டுவிட்டு, விடையைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.