மாத்திரை அட்டையும் மழைக் கணக்கும்

நேயர்களுக்கு வணக்கம். ஓய்வு பெற்றவர்களின் அன்றாட வாழ்க்கையைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். பத்து நிமிஷம் தந்திருக்கிறார்கள். நான் தபால் துறையில் 37 வருஷம் இருந்தவன். 1980இல் சேர்ந்தேன், 2017இல் ஓய்வு. அதனால் என் பேச்சு எழுத்தையும் முகவரியையும் சுற்றித்தான் வரும்.

எனக்குப் பொழுது விடிவதே மழைக் கணக்கில்தான். பேச்சிப்பாறை அணை இத்தனை அடி, பெருஞ்சாணி அணை இத்தனை அடி, பாலமோரில் இத்தனை மில்லிமீட்டர், சுருளகோட்டில் இத்தனை, கோழிப்போர்விளையில் இத்தனை என்று பேப்பரில் போடுகிறார்கள் அல்லவா, அதைத்தான் முதலில் பார்ப்பேன். பேச்சிப்பாறைக்கு மொத்தம் 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி. இது நம் பக்கத்தில் வயல் வைத்திருப்பவர் எல்லோருக்கும் மனப்பாடம். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் பெய்து ஐப்பசி மழையும் பெய்கிற கன்னியாகுமரி மாவட்டம் இது. பாலமோரில் கொட்டித் தீர்க்கும் நாளில் நாகர்கோவில் மொட்டை மாடியில் துணி காயும். அந்தக் கணக்கை ஒரு டைரியில் தினமும் எழுதி வைக்கிறேன்.

வேலைக்குப் போன காலத்தில் மழை என்றால் ஒரு குடை, அவ்வளவுதான். இப்போது முற்றத்தில் பாசி பிடித்திருக்கிறதா என்று பார்த்துத்தான் கால் வைக்க வேண்டியிருக்கிறது. அதோடு மருந்து. நான் ஓய்வு பெற்ற வருஷம் நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் வந்தது. கடலுக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அந்த வீடுகளின் துக்கத்துக்கு முன்னால் மற்றவர்களின் கஷ்டம் ஒன்றுமே இல்லை. கரையில் ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்தன, பல ஊர்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. எங்கள் வீட்டில் அன்றைக்கு இரண்டு நாளுக்குத்தான் மாத்திரை இருந்தது. ரோட்டுக்குக் குறுக்கே மரம், மருந்துக்கடைக்குப் போக வழியில்லை. அதிலிருந்து ஐப்பசி பிறக்கும் முன்பே பதினைந்து நாள் மாத்திரை கூடுதலாக வாங்கி வைத்துவிடுகிறேன்.

மழைக் கணக்கில் எனக்குப் பிடித்தது அதன் தெளிவு. ஊர்ப் பெயர், பக்கத்தில் ஓர் எண். கனமழை என்று சொன்னாலும் அதற்கு ஓர் அளவு உண்டு: 24 மணி நேரத்தில் சுமார் 6.5 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தால் கனமழை, 20 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதிகனமழை. யார் வாசித்தாலும் ஒரே பொருள்தான். நம் கையில் இருக்கிற மருந்துச் சீட்டும் அப்படி இருக்க வேண்டாமா?

நான் எத்தனையோ கையெழுத்துகளை வாசித்தவன். துபாயிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் வரும் கவர்கள், விளவங்கோடு பக்கத்துக்கு மலையாளத்தில் முகவரி எழுதிய கடிதங்கள், மழையில் நனைந்து மை கரைந்த இன்லண்ட் லெட்டர்கள். வெறுமனே 'தெங்குவிளை' என்று மட்டும் எழுதியிருப்பார்கள். அனுப்பியவர் பெயரைப் பார்ப்போம், முத்திரையைப் பார்ப்போம், கடைசியில் வயசான தபால்காரர் ஒருவரைக் கூப்பிடுவோம். "இது அந்தக் கிணற்றடி வீட்டுப் பையன் எழுத்தாக்கும், 'ழ'வுக்கு வாலை இழுத்து விடுவான்" என்பார் அவர். கடிதம் அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிடும்.

அப்படி வாசித்துப் பழகிய கண்ணை வைத்துக்கொண்டு, என் வீட்டுக்காரியின் மருந்துச் சீட்டை ஜன்னலோரத்தில் பிடித்து அரை மணி நேரம் பார்த்தேன். முதல் எழுத்தே பிடிபடவில்லை. அவளுக்குப் பிரஷர். வழக்கமாகப் பார்க்கிற டாக்டர் ஊர் மாறிப் போனதால் வேறொருவரிடம் காட்டினோம். அவர் எழுதித் தந்ததைக் கடையில் கொடுத்தோம், கடைக்காரர் அட்டையைத் தந்தார். ஏற்கெனவே வீட்டில் இருந்த அட்டையோடு இதையும் போட்டுக்கொண்டாள். நான்காம் நாள் முற்றம் பெருக்கிவிட்டு நிமிர்ந்தவள் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். "தலை கிறங்குது" என்றாள். வெயில்தான் என்று நினைத்து மோர் கொடுத்தேன். மறுநாளும் அப்படியே. ஒன்பதாம் நாள் மருந்து வைக்கிற பிஸ்கட் டப்பாவைக் கட்டிலில் கவிழ்த்தேன்.

இரண்டு அட்டைகள். ஒன்று வெள்ளி நிறம், இன்னொன்றில் ரோஸ் நிறக் கோடு. பெரிய எழுத்தில் இருந்த பெயர்கள் வேறு வேறு. அந்தப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு பெயர் இருந்தது. பூதக்கண்ணாடி வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தேன். இரண்டிலும் டெல்மிசார்டன் 40 மில்லிகிராம். ஒரே மருந்து, இரண்டு கம்பெனி. ஒன்பது நாளாக இரட்டிப்பாகச் சாப்பிட்டிருக்கிறாள். டாக்டரிடம் ஓடினோம். பழைய மாத்திரையை நிறுத்தச் சொல்லிச் சீட்டிலேயே எழுதியிருந்தாராம். எங்களால் வாசிக்க முடியாமல் போனது அந்த வரிதான்.

அன்றைக்கு எனக்கு வந்த பயம் இன்னும் போகவில்லை. 2016இல் அப்போதைய இந்திய மருத்துவக் கவுன்சில் தன் விதியைத் திருத்தி, மருந்தின் ஜெனரிக் பெயரை, அதாவது கம்பெனி வைத்த பெயரை அல்ல, உள்ளே இருக்கிற மருந்தின் பெயரைத் தெளிவாக, கூடுமானவரை கேப்பிடல் எழுத்தில் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஆகவே கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். டாக்டர் முன்னாலேயே சீட்டைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். வாசிக்க முடியாத இடத்தில் நிறுத்திக் கேளுங்கள். பின்னால் வரிசையில் ஆள் நிற்பார்கள்தான், நிற்கட்டும். அவர்களுக்கும் இதே சிரமம் இருக்கிறது.

நான் போகிற மருந்துக்கடையில் ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள். "மக்களே, கம்பெனி பெயர் ஒரு பக்கம், மருந்து பெயர் ஒரு பக்கம் இந்த நோட்டில் எழுதித் தா" என்றேன். "சரி தாத்தா" என்று ஒவ்வொன்றாக அச்சடித்த மாதிரி எழுதித் தந்தாள். எந்த டாக்டரிடம் போனாலும் இப்போது அந்த நோட்டு கூடவே வரும். 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகமானாலும் சரி, மத்திய அரசின் மக்கள் மருந்தகமானாலும் சரி, இந்த ஜெனரிக் பெயர் தெரிந்தால்தான் விலை குறைந்த மருந்தைக் கேட்டு வாங்க முடியும்.

இன்னொன்று, இதை நான் எல்லோரிடமும் சொல்வேன். பத்து மாத்திரை அட்டையில் நாலு மட்டும் கேட்டால் கத்தரியால் வெட்டித் தருவார்கள். காலாவதித் தேதி அட்டையின் ஒரு ஓரத்தில்தான் இருக்கும். அந்த ஓரம் பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடும். முழு அட்டையாக வாங்குங்கள், தேதி இல்லாத பக்கத்திலிருந்து பிய்த்துச் சாப்பிடுங்கள். கடைசி மாத்திரை வரைக்கும் தேதி உங்கள் கையில் இருக்கும்.

சரி, இனி ஒரு பார்சல் விஷயம். இப்படி ஆனதைக் கேள்விப்பட்ட மகன், பிரஷர் பார்க்கிற மெஷின் ஒன்றை ஆன்லைனில் வாங்கச் சொன்னான். போனில் முகவரி போட வேண்டும். கதவு எண் கேட்கிறது, தெரு கேட்கிறது. எங்கள் ஊரில் தெருவுக்குப் பெயர் கிடையாது. வீட்டுப் பெயர், விளை என்கிற தோப்பின் பெயர், அஞ்சல் பெயர், இவைதான் முகவரி. பின்கோடு போட்டதும் ஊர் என்ற இடத்தில் தானாகவே 'கன்னியாகுமரி' என்று விழுந்தது. நம் மாவட்டத்துக்கும் கடலோர ஊருக்கும் ஒரே பெயர். இரண்டு நாள் கழித்து ஒரு பையன் கூப்பிட்டான். "சார், கன்னியாகுமரி வந்துட்டேன், உங்க வீடு கோயில் பக்கமா, பஸ் ஸ்டாண்ட் பக்கமா?" நானோ இருபது கிலோமீட்டருக்கு இப்பால், நாகர்கோவில் பக்கம்.

பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 முதல் இருக்கிறது. முதல் எண் 6 என்றால் தமிழ்நாடும் கேரளமும். 629 என்றால் நம் மாவட்டம். அடுத்த மூன்று எண்கள் அஞ்சலகத்தைச் சொல்லும். நாகர்கோவில் தலைமை அஞ்சலகம் 629001, கன்னியாகுமரி ஊர் 629702. இந்த ஆறு எண்ணை நம்பியே காலம் முழுக்கக் கடிதங்களை ஊர் வாரியாகப் பிரித்தோம், ஒன்றும் தப்பவில்லை. அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன், வெயிலில் பைக்கில் ஓடுகிற பிள்ளை. அவன் கையில் கொடுத்த திரையில் ஊர்ப் பெயர் பெரிதாகவும் பின்கோடு பொடியாகவும் இருந்திருக்கும். இப்போது முகவரியின் முதல் வரியிலேயே பின்கோடும் அஞ்சலகப் பெயரும் எழுதுகிறேன், அப்புறம்தான் வீட்டுப் பெயர்.

மறுநாள் 'வீடு பூட்டியிருந்தது' என்று செய்தி வந்தது. நான் காலையிலிருந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஒருவழியாக மெஷின் வந்தது. கையில் சுற்றுகிற பட்டையில் காற்று நிற்கவில்லை. திருப்பி எடுக்க ஏழு நாள் கெடு. மூன்று முறை 'வந்து பார்த்தோம், ஆள் இல்லை' என்றே செய்தி. எட்டாம் நாள் கெடு முடிந்துவிட்டது என்றார்கள். போன் செய்தால் ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும் என்று இயந்திரம் பேசியது.

ஆனால் வந்த செய்தி ஒவ்வொன்றையும் தேதியும் நேரமும் போட்டு மழை டைரியிலேயே எழுதி வைத்திருந்தேன். 2020இல் வந்த மின்வணிக விதிப்படி ஒவ்வொரு ஆன்லைன் கடையும் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். புகார் கிடைத்தது என்று அவர் 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். டைரியில் இருந்ததை வரிசையாக எழுதி அவருக்கு அனுப்பினேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதிலும் பதிந்தேன். பணம் முழுசாக வந்தது. 1915ஐ எழுதிக்கொள்ளுங்கள், இன்னொரு முறை சொல்கிறேன், 1915. ஆன்லைனில் பணம் ஏமாந்துவிட்டால் அதற்கு வேறு எண், 1930; உடனே கூப்பிட வேண்டும்.

நேரம் முடியப் போகிறது என்று கை காட்டுகிறார்கள். ஓய்வூதியம் தொடர வருஷா வருஷம் கொடுக்கிற உயிர்வாழ் சான்றைப் பற்றித்தான் விரிவாகப் பேச நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசு ஓய்வூதியர் இதை நவம்பர் மாதம் கொடுக்க வேண்டும். 80 வயது ஆனவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். நடக்க முடியாதவர்கள் தபால்காரரிடம் சொல்லி வையுங்கள், வீட்டுக்கே வந்து டிஜிட்டலாக எடுத்துத் தருவார். கட்டணம் 70 ரூபாய். ஆதார் எண், பிபிஓ எண் என்கிற ஓய்வூதிய ஆணை எண், போன், மூன்றையும் எடுத்து வைத்திருங்கள். விரல் ரேகை தேய்ந்து பதியாவிட்டால் முகத்தைக் காட்டியும் எடுக்கலாம்.

ஐப்பசி நெருங்குகிறது. டப்பாவில் மாத்திரை எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று இன்றைக்கே எண்ணிப் பாருங்கள். வணக்கம்.