வீட்டில் பாஸ்தா: மாவு, முட்டை, தக்காளி

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

இத்தாலியில் பொலோனியா என்று ஒரு நகரம். அங்கே 1972 ஏப்ரல் 16 அன்று வர்த்தக சபையில் ஒரு பதிவு நடந்தது. தாலியாத்தெல்லே என்ற நாடா வடிவப் பாஸ்தா வெந்த பிறகு 8 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று எழுதி, தங்கத்தில் ஒரு நாடா செய்து மாதிரிக்கு வைத்தார்கள். ஊரின் பெருமையான அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270-இல் ஒரு பங்கு அது என்று கணக்கும் சொன்னார்கள். மாவு நாடாவுக்கு இத்தனை மரியாதையா என்று தோன்றும். அந்த ஊர்க்காரர்களுக்கு மாவுதான் சாப்பாடு, மேலே சேர்வதெல்லாம் தொடுகறி. நம் பக்கத்தில் பாஸ்தா என்றாலே சாஸும் சீஸும்தான் என்று ஆகிவிட்டது. பாஸ்தாவின் ருசியை ஒருமுறையாவது அதன் மாவில் தேடிப் பாருங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

ஓர் ஆளுக்கு 100 கிராம் மாவு, 1 முட்டை. பொலோனியா இருக்கும் எமிலியா-ரொமாஞா பகுதியின் வீட்டுக் கணக்கு இவ்வளவுதான். உப்பு, எண்ணெய், தண்ணீர் எதுவும் வேண்டாம். அவர்கள் எடுப்பது மிக நைசாக அரைத்த வெள்ளைக் கோதுமை மாவு. நம் மைதா அதற்கு நெருங்கி வரும். சப்பாத்தி மாவில் தவிடு இருப்பதால் மெல்லியதாகத் தேய்க்கும்போது கிழியும். நம் கடை முட்டைகள் கொஞ்சம் சிறியவை. அதனால் 4 பேருக்குச் செய்யும்போது ஒரு மஞ்சள் கருவைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பலகையில் மாவைக் குவித்து, நடுவில் குழித்து, முட்டைகளை உடைத்து ஊற்றுங்கள். முள்கரண்டியால் அடித்துக்கொண்டே ஓரத்து மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுக்க வேண்டும். முதலில் பொடிப்பொடியாக உதிரும். அவசரப்பட்டுத் தண்ணீர் தெளிக்காதீர்கள். உள்ளங்கையின் அடியால் அழுத்தித் தள்ளி, மடித்து, திருப்பி, மறுபடி தள்ளி 10 நிமிடம் பிசைந்தால் தானாகவே ஒன்று சேரும். பூரி மாவைவிடச் சற்றுக் கெட்டியாக, தொட்டால் காது மடல் போல இருக்க வேண்டும்.

அப்புறம் மூடி வைத்து அரை மணி நேரம் காத்திருங்கள். இதில் குறுக்கு வழி கிடையாது. பிசையும்போது கோதுமையின் புரதங்கள் ஈரத்தோடு சேர்ந்து குளூட்டன் என்ற வலையாகப் பின்னிக்கொள்கின்றன. அந்த வலை இறுக்கமாக இருக்கும்போது தேய்த்தால், விரித்த மாவு திரும்பச் சுருங்கிவிடும். பரோட்டா மாஸ்டர் மாவை ஊறப்போடுவதும் இதற்காகத்தான்.

பொலோனியாப் பெண்கள் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளக் கட்டையால் முழு மாவையும் ஒரே விரிப்பாகத் தேய்த்துவிடுவார்கள். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு அழகு. நம்மிடம் இருப்பது சப்பாத்திக் கட்டை. எனவே மாவை நாலைந்தாகப் பிரித்து ஒவ்வொன்றாகத் தேயுங்கள். கீழே கையை வைத்தால் மங்கலாகத் தெரிய வேண்டும்; அந்த அளவு மெல்லிசு. 10 நிமிடம் காய விட்டு, மேலே ரவை தூவிச் சுருட்டி, 6 அல்லது 7 மில்லிமீட்டர் அகலத்தில் நறுக்கி உதறிவிடுங்கள். தூவுவதற்கு மைதா வேண்டாம். அது ஈரத்தில் கரைந்து நாடாக்களை ஒட்டவைக்கும்.

இனி தக்காளி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16-ஆம் நூற்றாண்டில்தான் அது இத்தாலிக்கு வந்தது. தக்காளி சாஸ் பற்றிய பழைய குறிப்பு ஒன்று 1690-களில் நேப்பிள்ஸில் அச்சானது. அதில் மிளகாய் உண்டு, பாஸ்தா கிடையாது! தக்காளியும் பாஸ்தாவும் ஒன்று சேர இன்னும் ஏறக்குறைய நூறாண்டு ஆயிற்று.

முட்டைப் பாஸ்தாவுக்கு எனக்குப் பிடித்தது மார்செல்லா ஹசானின் சாஸ். 1924-இல் இத்தாலியின் செசெனாத்திகோவில் பிறந்து, அமெரிக்காவில் தன் நாட்டுச் சமையலைக் கற்றுக்கொடுத்தவர் அவர். 800 கிராம் தக்காளியைக் கொதிநீரில் அரை நிமிடம் போட்டெடுத்துத் தோலுரித்து நறுக்குங்கள். சதைப்பற்றுள்ள பெங்களூர் தக்காளி நல்லது. நாட்டுத் தக்காளியில் புளிப்பும் நீரும் அதிகம். அதோடு 70 கிராம் வெண்ணெய், இரண்டாக வெட்டிய ஒரு வெங்காயம், உப்பு. அவ்வளவுதான். மூடாமல் சிறு தீயில் 45 நிமிடம். வெங்காயத்தை வதக்க வேண்டாம், கடைசியில் எடுத்துவிட வேண்டும். பூண்டும் மிளகாயும் இல்லாமலா என்று கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். வெண்ணெய் புளிப்பைத் தணித்து, தக்காளியின் இனிப்பை மேலே கொண்டுவரும்.

100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. தளதளவென்று கொதிக்கும்போது போடுங்கள். புதுப் பாஸ்தா 2, 3 நிமிடத்தில் வெந்துவிடும். தண்ணீரில் எண்ணெய் விடாதீர்கள், வடித்தபின் பச்சைத் தண்ணீரில் அலசாதீர்கள்; இரண்டாலும் சாஸ் ஒட்டாமல் வழுக்கும். வேகவைத்த தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து வைத்து, அதையும் பாஸ்தாவையும் சாஸ் உள்ள சட்டியிலேயே போட்டு ஒரு நிமிடம் புரட்டுங்கள். அந்தத் தண்ணீரில் இறங்கியிருக்கும் மாவுச்சத்துதான் வெண்ணெயையும் தக்காளியையும் பிரியவிடாமல் பிடிக்கும். நாடாக்கள் மேல் சாஸ் பூசினாற்போல இருந்தால் போதும். தட்டின் அடியில் தேங்கினால் அதிகம். துருவிய பார்மேசான் சீஸ் கிடைத்தால் கொஞ்சம் தூவலாம்.

முட்டை சாப்பிடாதவர்களுக்குத் தென் இத்தாலி இருக்கிறது. பூலியா பகுதியின் பாரி நகரத்துப் பழைய தெருக்களில், பெண்கள் வீட்டு வாசலில் மேசை போட்டு ஓரெக்கியெத்தே என்ற குழிந்த சிறு பாஸ்தாவைச் செய்கிறார்கள். டியூரம் என்ற கெட்டியான கோதுமை வகையின் ரவை, தண்ணீர், இவை இரண்டே. 100 கிராம் ரவைக்கு 50 கிராம் வெதுவெதுப்பான தண்ணீர். நம் கடைகளில் கிடைக்கும் பன்சி ரவை இந்த வகைக் கோதுமைதான். மிக்ஸியில் நைசாக அரைத்துச் சலித்து, பிசைந்து, ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். விரல் கனத்துக்கு உருட்டிச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் மொட்டைக் கத்தியால் அழுத்தி இழுத்து, பெருவிரல் மேல் கவிழ்த்தால் குழிந்த வடிவம் வரும். இதற்கு வெண்ணெய் பொருந்தாது. ஆலிவ் எண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுச் செய்த தக்காளி சாஸ்தான் சரி. கனமான மாவு என்பதால் வேக நேரம் எடுக்கும். 5 நிமிடம் கழித்து ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் பச்சை மாவு தட்டுப்படாவிட்டால் இறக்கிவிடலாம்.

நன்றி, வணக்கம்.